அடுப்படி மேடைக்கு எந்தக் கல் போடலாம்?

"டாக்டர், புது வீடு கட்டறோம். கிச்சன் மேடைக்கு குவார்ட்ஸ் போடச் சொல்றாங்க. பால் மாதிரி வெள்ளையா, கறையே ஒட்டாதாம். ஆனா அந்தக் கல்லு நுரையீரலைக் கெடுத்துடும்னு என் தம்பி சொல்றான். நிஜமா?"

மருந்து வாங்க வருகிற தாய்மார்களில் சிலர் இப்போதெல்லாம் இப்படியும் கேட்கிறார்கள். சித்த மருத்துவரிடம் போய் கல்லைப் பற்றிக் கேட்பதா என்று நீங்கள் நினைக்கலாம். எங்களுக்கும் கல்லுக்கும் ரொம்ப நாள் உறவு உண்டு. மருந்து அரைக்கிற கல்வமே கல்தானே! பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படிக்கிற காலத்தில், மருந்துச் சரக்கைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் கல்வத்தைத் தெரிந்துகொள் என்பார்கள். கல் மென்மையாக இருந்தால் தேய்ந்து மருந்தோடு கலந்துவிடும். எலுமிச்சம்பழச் சாறு விட்டு அரைக்கும்போது சுண்ணாம்புத் தன்மையுள்ள கல்லாக இருந்தால் புளிப்பு பட்டுக் கரையும். அதனால்தான் இறுகின கறுங்கல்லைத் தேடுவோம்.

அடுப்பு மேடைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். ஆனால் இன்றைக்கு அதோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கல்லை வெட்டுகிறவர் என்ன ஆவார்?

முதலில் அந்தத் தாயின் பயத்தைப் போக்கிவிடுகிறேன். குவார்ட்ஸ் மேடை போட்ட வீட்டில் சமைப்பதாலோ, அதைத் தொடுவதாலோ, அதன்மேல் மாவு பிசைவதாலோ யாருக்கும் நுரையீரல் நோய் வராது. ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள் பயந்துகொண்டு பெயர்த்தெடுக்க வேண்டாம். பெயர்த்தால்தான் தூசு கிளம்பும்! கெடுதல் முழுவதும் அந்தப் பலகையை அறுக்கும்போதும், துளை போடும்போதும், ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும்போதும் பறக்கிற தூசில் இருக்கிறது. அதைச் சுவாசிப்பது வீட்டுக்காரர் இல்லை. கல் வேலை செய்கிற தொழிலாளி.

குவார்ட்ஸ் பலகை என்றால் என்ன?

நம் தருமபுரிப் பக்கம் காடுமேட்டில் வெள்ளை வெளேரென்று கிடக்குமே, வெங்கச்சங்கல்! சின்ன வயசில் இரண்டை எடுத்து உரசி நெருப்புப் பொறி பார்த்திருப்பீர்கள். அதுதான் குவார்ட்ஸ். அதன் உள்ளே இருப்பது சிலிக்கா என்ற பொருள், படிக வடிவத்தில்.

இந்த வெங்கச்சங்கல்லைக் குருணையாகவும் மாவாகவும் பொடித்து, பிளாஸ்டிக் வகைப் பிசினும் நிறமும் கலந்து, அழுத்திச் சூடேற்றினால் பலகை தயார். இயற்கைக் கல் மாதிரி இருக்கும். ஆனால் தொழிற்சாலையில் பிறந்தது. இந்த முறை இத்தாலியில் உருவாகி உலகம் முழுக்கப் பரவியது. நம் ஆந்திரா, தெலங்கானா பகுதிகளிலும் இதற்குத் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

இந்தப் பலகையின் பல ரகங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கும் மேல் சிலிக்காதான். சாதாரண கிரானைட்டில் 20 முதல் 45 பங்கு வரை இருக்கலாம். மார்பிள், சுண்ணாம்புக்கல் இவற்றில் பெரும்பாலும் ஐந்து பங்குக்கும் கீழே. ஆக, ஒரே மெஷின், ஒரே ஆள், ஒரே நேரம் வேலை செய்தாலும், குவார்ட்ஸ் பலகையை அறுக்கும்போது அவர் மூச்சில் போகிற சிலிக்கா பல மடங்கு அதிகம். போதாததற்கு, ஏற்கெனவே மாவாக அரைத்த கல் என்பதால் தூசு ரொம்ப ரொம்ப நுண்ணியதாக வரும். பிசினும் சேர்ந்தே பறக்கும்.

தூசு நெஞ்சுக்குள் என்ன செய்கிறது?

சாதாரணத் தூசு மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, தும்மலாகவோ சளியாகவோ வெளியே வந்துவிடும். கண்ணுக்குத் தெரிகிற தூசு பாதி நண்பன் என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாததுதான் எதிரி. தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நேராக நுரையீரலின் கடைசிக் காற்றறை வரைக்கும் போய் உட்கார்ந்துவிடும்.

அங்கே காவல்காரச் செல்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் விழுங்கிச் செரித்துவிடும். சிலிக்காத் துகளையும் அப்படித்தான் விழுங்கும். ஆனால் கல்லைச் செரிக்க முடியுமா? விழுங்கின செல் செத்துப்போகும். அதிலிருந்து வெளியே வந்த துகளை அடுத்த செல் விழுங்கும், அதுவும் சாகும். இப்படியே நடந்து நடந்து அந்த இடம் புண்ணாகி, தழும்பாகி, கெட்டிப்படும். புது ஸ்பாஞ்சு மாதிரி விரிந்து சுருங்க வேண்டிய நுரையீரல், காய்ந்துபோன ஸ்பாஞ்சு மாதிரி விறைத்துவிடும். இதற்குப் பெயர் சிலிக்கோசிஸ்.

கொஞ்சங்கொஞ்சமாகத் தூசு போனால் பத்து வருஷத்துக்கு மேல் கழித்து நோய் தலைகாட்டும். நிறையப் போனால் ஐந்து வருஷத்துக்குள்ளேயே வந்துவிடும். வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டு போகும் என்பதுதான் இதில் கொடுமை. தவிர, இந்தத் தூசு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே அறிவித்துவிட்டது.

எவ்வளவு தூசு போனால் ஆபத்து? அமெரிக்காவில் 2016-ல் ஒரு வரம்பு வைத்தார்கள். எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராமுக்கு மேல் சிலிக்கா இருக்கக் கூடாது. நம்ம கணக்கில் சொன்னால், பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம். அந்த அறைக் காற்று முழுவதிலும் சேர்த்து ஒன்றரை மில்லிகிராம்கூட இருக்கக் கூடாது. ஒரு சிட்டிகை உப்பை இருநூறு பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் வரும்! மூடின சமையலறையில் கையில் பிடிக்கிற மெஷினை வைத்து, தண்ணீர் விடாமல் கல் அறுக்கும்போது வெள்ளைப் புகை மாதிரிக் கிளம்புகிறதே, அதை இந்த ஒரு பங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நமக்குப் புதிய நோய் இல்லை

பெயர் புதிதாக இருக்கலாம். நோய் பழையது. கிருஷ்ணகிரியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கோலார் தங்க வயல் இருக்கிறதே, நம் வட மாவட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கப் போன இடம். இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் மருத்துவப் பதிவில் ஏறியது அந்தச் சுரங்கத் தொழிலாளர்களிடம்தான், 1934-ல். அங்கே தங்கம் வெங்கச்சங்கல்லுக்குள் ஓடியது. கல்லை உடைத்தவர்கள் நெஞ்சில் அந்தக் கல் தங்கிவிட்டது. சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது.

நாம் பள்ளிக்கூடத்தில் எழுதின சிலேட்டுக் குச்சி ஞாபகம் இருக்கிறதா? மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்ற ஊரில் அதைக் குடிசைத் தொழிலாகவே செய்தார்கள். கல்லைக் குச்சி குச்சியாக அறுப்பார்கள். அந்தத் தொழிலாளர்களைப் பரிசோதித்து 1985-ல் வெளிவந்த ஆய்வில், பாதிப் பேருக்கும் மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. குழந்தைகள் 'அ' எழுதிப் பழகின குச்சிக்கு யாரோ ஒருவர் மூச்சைக் கொடுத்திருக்கிறார்.

இப்போது அதே கதை சமையல் மேடையில் திரும்பியிருக்கிறது. இஸ்ரேலில் 1997 முதல் 2010 வரை, செயற்கைக் கல் அறுத்து நுரையீரல் கெட்டு, மாற்று நுரையீரல் சிகிச்சை மையத்துக்கு வந்தவர்கள் 25 பேர். அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் 52 தொழிலாளர்களைப் பற்றிய விவரம் 2023-ல் வெளியானது. அவர்கள் நடுத்தர வயது 45. பத்துப் பேர் இறந்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 2018-க்கு முன்பிருந்தே இந்தத் தொழிலில் இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு சிலிக்காத் தூசு நோய் இருப்பதாக அந்நாட்டு அரசு அமைத்த குழு சொன்னது.

முகமூடி, தண்ணீர் பீய்ச்சுதல், லைசென்ஸ் என்று எல்லாக் கட்டுப்பாடும் போட்டுப் பார்த்த ஆஸ்திரேலியா கடைசியில் 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல் மேடைகளைத் தயாரிக்கவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டுவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் இறக்குமதிக்கும் தடை. உலகத்திலேயே முதல் தடை இதுதான். வசதியான நாடு, சட்டம் கறாராக இருக்கிற நாடு. அங்கேயே பாதுகாப்பாக அறுக்க வைக்க முடியவில்லை என்றால், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு அறுக்கிற நம் பிள்ளைகள் கதி?

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாவட்டத்துப் பையன்கள் எத்தனை பேர் ஓசூரிலும் பெங்களூரிலும் டைல்ஸ் ஒட்டவும் கிரானைட் பாலிஷ் போடவும் போகிறார்கள்! மேடை வெட்டுகிறவர் யாரோ அன்னியர் இல்லை. பக்கத்துத் தெருக்காரர். சில வீடுகளில் சொந்தத் தம்பி, மச்சான்.

"கல் கரைய மருந்து குடுங்க!"

என்னிடம் வந்த ஒரு பாலிஷ் தொழிலாளிக்கு நாற்பது வயதுகூட இல்லை. மாடிப்படி நாலு ஏறினால் நின்றுவிடுவார். இரண்டு தடவை காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்தவர். எக்ஸ்ரே எடுத்து நுரையீரல் மருத்துவரிடம் அனுப்பினேன். சிலிக்கோசிஸ் என்று தெரிந்தது. திரும்பி வந்து அவர் மனைவி கேட்டார், "சிறுநீரகக் கல்லுக்கு சிறுபீளை, நெருஞ்சில் எல்லாம் குடுக்கறீங்களே சார். இதுவும் கல்லுதானே, கரைய வையுங்க."

அந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். சிறுநீர் ஓடுகிற பாதையில் இருக்கிற கல் வேறு. நுரையீரல் சதைக்குள் புதைந்து தழும்பு பிடித்த கல் வேறு. அதைக் கரைக்கிற சூரணமோ பற்பமோ கிடையாது. அலோபதியிலும் கிடையாது. ஆடாதோடைக் குடிநீர், தாளிசாதி சூரணம் போன்றவை இருமலைத் தணித்துச் சளியை இளக்கிக் கொஞ்சம் ஆறுதல் தரும், அவ்வளவுதான். யாராவது "பூரணமாகக் குணப்படுத்துகிறேன்" என்று பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

வாழைப்பழமும் வெல்லமும் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும் என்பதும் அப்படித்தான். வாழைப்பழம் போவது இரைப்பைக்கு. தூசு போனது நுரையீரலுக்கு. இரண்டுக்கும் வழி வேறு. சாராயம் குடித்தால் தூசு அடங்கும் என்று குடித்து, ஈரலையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் பாவம்!

காசநோயைப் பற்றி ஒரு வார்த்தை. இருமல், இளைப்பு, மெலிவு என்று இரண்டுக்கும் அடையாளம் ஒன்று போலவே இருக்கும். எக்ஸ்ரேயிலும் குழப்பலாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காவல்காரச் செல்கள் பலவீனப்பட்டிருப்பதால் காசநோயும் சுலபமாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சளிப் பரிசோதனை கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். காசநோய் என்று உறுதியானால் அந்த மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

மருந்தில்லாத நோய்க்கு வராமல் தடுப்பதுதான் மருந்து. அதில் ஒரு பங்கு, மேடைக்கல் தேர்ந்தெடுக்கிற நம் கையிலும் இருக்கிறது.

சரி, எதைப் போடலாம்?

கறுப்பு கிரானைட்: வேறு எங்கும் தேட வேண்டாம், நம் காலடியிலேயே இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் பூமிக்கடியில் பாறை வெடிப்புகளில் தீக்குழம்பு புகுந்து இறுகினதால் உண்டான கறுங்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. வியாபாரத்தில் 'பிளாக் கிரானைட்' என்பார்கள். கற்களைப் படித்தவர்கள் 'டாலரைட்' என்பார்கள். உண்மையான கிரானைட்டில் இருக்கிற அளவு வெங்கச்சங்கல் இதில் கிடையாது, மிகவும் குறைவு. ஆகவே வெட்டுகிறவருக்கும் ஆபத்து குறைகிறது. குறைகிறது என்றுதான் சொன்னேன். இதையும் தண்ணீர் விட்டுத்தான் அறுக்க வேண்டும்.

வீட்டுக்காரருக்கு என்ன லாபம்? இட்லிக் குண்டானையும் எண்ணெய்ச் சட்டியையும் அடுப்பிலிருந்து எடுத்து அப்படியே வைக்கலாம். குவார்ட்ஸ் பலகையில் பிசின் இருப்பதால் அப்படி வைத்தால் நிறம் மாறும், சமயத்தில் விரிசலும் விடும். புளி, எலுமிச்சை, தயிர் எதுவும் கறுப்புக் கல்லை அரிக்காது. மஞ்சள் கறை தெரியாது. "கறுப்பு அடுப்படிக்கு ஆகாது சார்" என்று சிலர் தயங்குகிறார்கள். பாட்டி அரைத்த அம்மியும் ஆட்டுக்கல்லும் என்ன வெள்ளையாகவா இருந்தன?

மற்ற கிரானைட்: சிவப்பு, ரோஜா, சாம்பல், புள்ளி போட்டவை. வலுவில் குறையில்லை. சிலிக்கா கறுப்பைவிட அதிகம், குவார்ட்ஸ் பலகையைவிட ரொம்பக் குறைவு. வெளிர் நிறக் கற்கள் எண்ணெயை உறிஞ்சும் என்பதால் மேலே 'சீலர்' தடவிக்கொள்வது நல்லது.

கடப்பா கல்: விலை குறைவு. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் வகை. வெட்டுவது சுலபம். ஆனால் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் மங்கிவிடும். வாடகை வீடு, கொல்லைப்புற மேடை, பரண் தட்டு இவற்றுக்கு ஏற்றது.

மார்பிள்: அழகு. சிலிக்கா குறைவு. ஆனால் ரசமும் சாம்பாரும் வைக்கிற அடுப்படிக்கு ஒத்துவராது. மஞ்சள் பட்டால் கறை, புளிப்பு பட்டால் வெளுப்பு. பூஜை அறைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: ஹோட்டல் சமையல்கட்டில் பார்த்திருப்பீர்கள். கல் தூசு என்ற பேச்சே இல்லை. கழுவினால் சுத்தம், கிருமி தங்க இடுக்கு கிடையாது. பக்கத்திலேயே சேலத்தில் 1981-லிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு தயாராகிறது. ஆனால் நம் வீட்டு மேடைக்கு ஏனோ இன்னும் அதிகம் வரவில்லை. 304 என்ற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். 202 என்ற மலிவு ரகம் உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கலாம். காந்தம் ஒட்டவில்லையே என்று ஏமாற வேண்டாம், 202 ரகத்திலும் ஒட்டாது. தகட்டுக்கு அடியில் பலகை கொடுத்தால் பாத்திரம் வைக்கும்போது டங்கென்று சத்தம் வராது. கீறல் விழும், அதுதான் குறை.

டைல்ஸ்: செலவு குறைவு. இணைப்பில் கறுப்பு பிடிக்கும், தேங்காய் உடைத்தால் டைல்ஸும் உடையும். போடுவதானால் பெரிய டைல்ஸாகப் பார்த்துப் போட்டால் இணைப்பு குறையும். இதிலும் கொஞ்சம் சிலிக்கா உண்டு.

அக்ரிலிக் பலகை: வெள்ளை மேடைதான் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஒரு வழி. கொரியன் என்ற பெயரில் 1967-லிருந்து இருக்கிறது. சிலிக்கா இல்லை, அலுமினியத் தாதுவும் அக்ரிலிக்கும்தான். இணைப்பே தெரியாது. சூடு மட்டும் ஆகாது. சட்டிக்கு அடியில் பிரிமணை கட்டாயம். வாங்கும்போது குவார்ட்ஸ் தூள் கலக்காத ரகம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மரம், சன்மைக்கா: தண்ணீர் புழங்குகிற நம் அடுப்படிக்குத் தாங்காது. காய் நறுக்குகிற தனி மேசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நம் ஊர் வீட்டுக்குக் கறுப்பு கிரானைட். கல்லே வேண்டாம் என்றால் 304 ஸ்டீல்.

கடையில் ஏமாறாமல் இருக்க

கறுப்பு என்று சொல்லி விற்பதெல்லாம் கறுப்பு இல்லை. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியும் விற்கிறார்கள். நகப்பூச்சு அழிக்கிற திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கல்லை அழுத்தித் துடையுங்கள். பஞ்சில் கறுப்பு வந்தால் சாயம்.

ஒரு துண்டுக் கல் கேட்டு வாங்கி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக் கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். அந்த இடம் மங்கியிருந்தால் அது சுண்ணாம்பு வகை. கடப்பாவையே கிரானைட் விலைக்குத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். அந்த இடம் கல்லின் மற்ற இடத்தைவிடக் கறுத்துத் தெரிந்தால் கல் உறிஞ்சுகிறது. எண்ணெயையும் உறிஞ்சும்.

"குவார்ட்ஸ்" என்ற சொல்லோடு "குவார்ட்சைட்" என்ற சொல்லும் கடையில் அடிபடும். குவார்ட்சைட் இயற்கைப் பாறைதான். ஆனால் அதிலும் வெங்கச்சங்கல் பங்கு மிக அதிகம். 'இயற்கைக் கல்தானே' என்று விட்டுவிட வேண்டாம்.

வெட்டுவதிலும் பாதி விஷயம் இருக்கிறது

எந்தக் கல் வாங்கினாலும் இந்த ஐந்தையும் மேஸ்திரியிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

1. தொட்டிக்கும் அடுப்புக்கும் குழாய்க்கும் துளை, ஓரப் பாலிஷ் எல்லாம் கடைப் பட்டறையிலேயே, தண்ணீர் ஓடுகிற மெஷினில் முடிந்து வரட்டும். இதற்கு அளவு சரியாக இருக்க வேண்டும். தொட்டியையும் அடுப்பையும் முன்னாலேயே வாங்கி வைத்துவிடுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால்தான் வீட்டுக்குள் அறுக்க வேண்டி வருகிறது.

2. வீட்டில் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வெளியே திறந்த இடத்தில், வெட்டுவாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்டட்டும். ஒரு ஆள் தண்ணீர் ஊற்ற நிற்கட்டும். மின்சார மெஷினில் தண்ணீர் பட்டு ஷாக் அடிக்காமல் இருக்க, தண்ணீர் வசதியோடு வருகிற மெஷினையே கொண்டுவரச் சொல்லுங்கள். மெயினில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கிற கருவி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

3. துண்டும் கர்ச்சீப்பும் நுண்ணிய தூசைத் தடுக்காது. என்-95 முகமூடியாவது வேண்டும். மூக்கோடு ஒட்டிப் பொருந்தியிருக்க வேண்டும். நாலு முகமூடி வாங்கிக் கொடுத்தால் நம் சொத்து கரைந்துவிடாது. ஆனால் முகமூடி இருக்கிறதே என்று தண்ணீர் விடாமல் அறுக்கக் கூடாது.

4. அந்த நேரத்தில் குழந்தைகளும் பெரியவர்களும் பக்கத்தில் வேண்டாம். ஒரு நாள் தூசில் சிலிக்கோசிஸ் வந்துவிடாது. ஆனால் இளைப்புக்காரர்களுக்கு இரவே இழுப்பு வரும்.

5. வேலை முடிந்ததும் விளக்குமாறு போட்டுக் கூட்டக் கூடாது. கூட்டினால் அடங்கின தூசு மறுபடி எழும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். சேற்றை அப்படியே வாளியில் அள்ளிவிடுங்கள், காய்ந்தால் அதுவும் தூசுதான்.

"தண்ணீர் விட்டு வெட்டினா நேரம் ஆகும், கூலி கூட ஆகும்" என்பார்கள். கொடுங்கள். அம்மி கொத்த வருகிறவருக்கு அந்தக் காலத்தில் கூலியோடு ஒரு படி அரிசியும் போட்டவர்கள்தானே நாம்! அவர் தெருவில் உட்கார்ந்து உளியால் கொத்தினார். தெறித்தது பெரிய சில்லு. புதிதாகக் கொத்தின அம்மியில் முதலில் தவிட்டை அரைத்துக் கொட்டிவிட்டு அப்புறம்தான் சமையலுக்கு அரைத்தோம், கல் தூள் சோற்றில் சேரக் கூடாது என்று. நம் வயிற்றுக்குக் காட்டின அந்த ஜாக்கிரதையில் கொஞ்சத்தை, வெட்டுகிறவர் நெஞ்சுக்கும் காட்டலாம்.

மேடையைப் பராமரிக்க

நம் மாவட்டத்தில் போர்த் தண்ணீர் கடினமானது. ஃபுளோரைடு பிரச்னைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-லிருந்து குடிதண்ணீர் வருகிறது என்றாலும், பாத்திரம் கழுவப் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். கறுப்புக் கல்லில் அது காய்ந்தால் வெள்ளைப் படலம் பிடிக்கும். ராத்திரி வேலை முடிந்ததும் ஈரம் போகத் துடைத்துவிட்டால் போதும். படிந்துவிட்டால், கறுப்பு கிரானைட்டுக்கு மட்டும் வினிகரில் பாதி தண்ணீர் கலந்து துடைத்து உடனே கழுவலாம். கடப்பாவிலும் மார்பிளிலும் வினிகர் படவே கூடாது. ஆசிட் எந்தக் கல்லுக்கும் வேண்டாம்.

ஏற்கெனவே குவார்ட்ஸ் மேடை இருக்கிறவர்கள் தாராளமாகப் புழங்குங்கள். புதிதாகக் குழாய் வைக்கிறேன், வாட்டர் ஃபில்டர் மாட்டுகிறேன் என்று மட்டும் உலர்ந்த துளை போடவிடாதீர்கள்.

வீட்டில் கல் வேலை செய்கிறவர் இருந்தால்

தொடர்ந்து மூன்று வாரத்துக்கு மேல் வறட்டு இருமல், முன்பு சுலபமாகச் செய்த வேலைக்கு இப்போது மூச்சு வாங்குவது, காரணமில்லாமல் எடை குறைவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இருமல் சிரப்பில் காலம் கடத்த வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மூச்சின் அளவைப் பார்க்கிற சோதனையும் கேளுங்கள். முக்கியமாக, "நான் கல் அறுக்கிற வேலை செய்றேன், இத்தனை வருஷமா" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள்கூட வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றைக்கே விட வேண்டும். வேலை உடுப்போடு வீட்டுக்குள் வந்து குழந்தையைத் தூக்காமல், வெளியிலேயே உடுப்பை நனைத்துப் போட்டுக் குளித்துவிட்டு வரட்டும்.

சிலிக்கோசிஸ் சட்டப்படி தொழில்நோய். நஷ்டஈடு கேட்க உரிமை உண்டு. ஈ.எஸ்.ஐ. இருந்தால் சிகிச்சையும் உதவியும் கிடைக்கும். ராஜஸ்தான் மாநிலம் 2019-ல் தனிக் கொள்கையே வகுத்து, நோயாளிக்கு 3 லட்ச ரூபாயும், இறந்துபோனால் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாயும் என்று அறிவித்தது. எங்கே வேலை செய்தோம், எத்தனை வருஷம் என்பதற்குச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை எது இருந்தாலும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்கும்போது அதுதான் சாட்சி.

அடுத்த வாரம் கல் கடைக்குப் போகிறவர்கள், பையில் ஒரு எலுமிச்சம்பழமும் நகப்பூச்சு அழிக்கிற திரவமும் கொஞ்சம் பஞ்சும் எடுத்துக்கொண்டு போங்கள். கல்லைச் சோதித்துப் பார்த்த பிறகு, கடைக்காரரிடம் "இதை உங்க பட்டறையில் தண்ணி விட்டு அறுப்பீங்களா?" என்றும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குக் கேட்காமலே தண்ணீர் விட்டு அறுப்பார்கள்.